காசிம் சுலைமானி: தியாகியா, கொலையாளியா? ஒரு தளபதியை எடைபோடும் முறை

2020 ஜனவரி 3, வெள்ளிக்கிழமை. பாக்தாத் விமான நிலையத்துக்கு வெளியே அமெரிக்க ஆளில்லா விமானம் ஏவிய ஏவுகணைகளில் ஈரானியத் தளபதி காசிம் சுலைமானி கொல்லப்பட்டார் என்ற செய்தி அன்று காலை வந்தது. நாம் ஜும்ஆவுக்குப் புறப்படுவதற்குள் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு விதமான பதிவுகள் சுற்றத் தொடங்கிவிட்டன. ஒன்றில் அவர் பைத்துல் முகத்தஸுக்காக உயிர் கொடுத்த தியாகி. மற்றொன்றில் சிரியாவின் முஸ்லிம்களைக் கொன்று குவித்தவர். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒன்றை அனுப்ப, தம்பி மற்றொன்றை அனுப்பினார். இரண்டையும் முழுதாகப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு.

அதன் பிறகு மேற்காசியாவில் எவ்வளவோ நடந்துவிட்டது. காஸா தரைமட்டமாக்கப்பட்டது. சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்தது. 2025 ஜூனில் ஈரான் மீதே நேரடிப் போர் தொடுக்கப்பட்டது. ஆனாலும் ஒவ்வொரு ஜனவரியிலும் அதே படங்கள், அதே வாக்குவாதம். எனவே இந்த மனிதரின் வாழ்க்கையை நிதானமாக ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அவருக்காக வாதாடுவதோ அவரைச் சபிப்பதோ இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஒரு போர்த் தளபதியை நாம் எந்த அளவுகோலால் எடைபோடுகிறோம் என்பதே கேள்வி.

ராயகிரிப் பக்கத்து மக்களுக்குத் தெரிந்த கதை

தென்காசி மாவட்டத்தின் ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 260 ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் ஒரு முஸ்லிம் தளபதி படை நடத்தினார். மருதநாயகம் என்று அறியப்படும் முகம்மது யூசுப் கான், மக்கள் வாயில் கான்சாகிபு.

1759இல் அவர் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். 1761இல் மீண்டும் வந்து பூலித்தேவரின் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைப் பிடித்தார். அப்போது அவர் ஆற்காட்டு நவாபுக்காகவும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகவும் போரிட்டார். பிறகு அதே நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து மதுரையில் நின்றார். கூட இருந்தவர்களே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அவரது அடக்கத்தலம் இருக்கிறது.

நெற்கட்டும்செவலில் நின்று கேட்டால் அவர் கோட்டையை இடித்தவர். சம்மட்டிபுரத்தில் நின்று கேட்டால் வெள்ளையனை எதிர்த்து உயிர்விட்டவர். இரண்டுமே உண்மை. ஒன்றைச் சொல்வதற்காக மற்றதை மறைத்தால் அது வரலாறாகாது. நம் ஊர்க்காரர்கள் பூலித்தேவரையும் மதிக்கிறார்கள், கான்சாகிபின் முடிவையும் மதிக்கிறார்கள். இந்தப் பக்குவத்தோடு காசிம் சுலைமானியின் வாழ்க்கைக்கு வருவோம்.

கூலி வேலைக்குப் போன சிறுவன்

1957இல் தென்கிழக்கு ஈரானின் கெர்மான் மாகாணத்தில் கனாத்தே மலிக் என்ற மலைக்கிராமத்தில் பிறந்தார் சுலைமானி. ஏழை விவசாயக் குடும்பம். தந்தையார் பட்ட விவசாயக் கடனை அடைக்க, பதிமூன்று வயதில் உறவுக்காரப் பையன்களோடு கெர்மான் நகரத்துக்குப் போய்க் கட்டட வேலை பார்த்தார். பின்னர் நகரின் குடிநீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டுக் கடனுக்காக வெளியூர் போன பிள்ளைகளின் கதை நம் குடும்பங்களுக்கும் அந்நியமானதல்ல.

1979இல் ஷா மன்னரின் ஆட்சி வீழ்ந்தபின் புதிதாக அமைக்கப்பட்ட புரட்சிக் காவல் படையில் சேர்ந்தார். இராணுவக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர் அல்லர். ஆரம்பத்திலேயே வடமேற்கு ஈரானில் குர்து மக்களின் கிளர்ச்சியை அடக்கும் பணிக்கு அனுப்பப்பட்டார். அவரது இராணுவ வாழ்க்கையின் முதல் பக்கமே சொந்த நாட்டு மக்களுக்கு எதிரான நடவடிக்கையில் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எட்டாண்டுப் போர் உருவாக்கிய தளபதி

1980 செப்டம்பரில் சதாம் உசேனின் ஈராக், ஈரான் மீது படையெடுத்தது. எட்டாண்டுகள் நீடித்த அந்தப் போரில் இரு தரப்பிலும் இலட்சக்கணக்கான முஸ்லிம்கள் மாண்டனர். வளைகுடா நாடுகளின் பணமும் மேற்கத்திய நாடுகளின் ஆதரவும் சதாமுக்குக் கிடைத்தன. ஈரானிய வீரர்கள் மீது அவர் இரசாயன ஆயுதங்களைப் பயன்படுத்தியபோது உலகம் பெரும்பாலும் மௌனம் காத்தது.

கெர்மான் இளைஞர்களைத் திரட்டிப் போர்முனைக்குக் கொண்டுபோன சுலைமானி, இருபதுகளின் வயதிலேயே 41ஆவது ஸாருல்லாஹ் படைப்பிரிவின் தளபதியானார். தன்னோடு வந்த ஊர்ப்பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பார்த்தார். கடைசிக் காலம்வரை அந்தத் தோழர்களை நினைத்து அவர் மேடைகளில் அழுததுண்டு. தன் அடக்கத்தலமும் கெர்மானில் அந்தத் தோழர்களின் அருகிலேயே அமைய வேண்டும் என்று விரும்பினார், அப்படியே அமைந்தது.

அந்தப் போரில் ஈரானியத் தலைமை ஒரு பாடம் கற்றது. இனி எதிரியைத் தன் எல்லைக்கு வெளியே, பிறர் மண்ணில், பிறர் கையால் எதிர்கொள்ள வேண்டும் என்பதே அது. சுலைமானியின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்தக் கொள்கையின் செயல்வடிவம்தான். அவர் எழுப்பிய அமைப்பின் பலமும் அதுதான், அவர்மீதான மிகப் பெரிய குற்றச்சாட்டின் வேரும் அதுதான்.

குத்ஸ் படை

போருக்குப்பின் கெர்மான் பகுதியில் ஆப்கான் எல்லைவழி வந்த போதைப்பொருள் கடத்தலை ஒடுக்கும் பணியைச் செய்தார். 1990களின் பிற்பகுதியில் புரட்சிக் காவல் படையின் வெளிநாட்டுப் பிரிவான குத்ஸ் படைக்குத் தளபதியாக நியமிக்கப்பட்டார். இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1999இல் தெஹ்ரான் மாணவர் போராட்டத்தின்போது, அதை அடக்காவிட்டால் தங்கள் பொறுமை எல்லை மீறும் என்று அதிபர் முகம்மது கத்தாமிக்குக் காவல் படைத் தளபதிகள் கடிதம் எழுதினர். அதில் கையெழுத்திட்டவர்களில் இவரும் ஒருவர்.

லெபனானில் ஹிஸ்புல்லாஹ், ஃபலஸ்தீனில் ஹமாஸ், இஸ்லாமிய ஜிஹாத், ஈராக்கில் ஷியா ஆயுதக் குழுக்கள் ஆகியவற்றுக்குப் பணம், பயிற்சி, ஆயுதம் சென்று சேர்ந்த வழியைக் கட்டி நிர்வகித்தவர் அவர். அரபு அரசுகள் பல இஸ்ரேலோடு கைகுலுக்கப் போட்டியிட்ட காலத்தில் காஸாவின் போராளிகளுக்கு ஆயுதம் கொடுத்த அரசு ஈரான். தெஹ்ரானில் நடந்த சுலைமானியின் ஜனாஸாவில் ஹமாஸ் தலைவர் இஸ்மாயில் ஹனிய்யா நேரில் கலந்துகொண்டு, அவரைக் குத்ஸின் தியாகி என்று மூன்று முறை அழைத்தார். சுன்னி இயக்கமொன்றின் தலைவர் சொன்ன அந்தச் சொல்லை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆச்சரியமான ஒரு செய்தியும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப்பின் தாலிபானுக்கு எதிராக அமெரிக்காவும் ஈரானும் திரைமறைவில் ஒத்துழைத்தன. ஈரானியத் தூதர்கள் மூலம் அமெரிக்காவுக்குத் தகவல் போனது. அவர்களுக்குப் பின்னால் இருந்தவர் சுலைமானி. 2002 ஜனவரியில் அதிபர் புஷ், ஈரானைத் தீய அச்சு நாடுகளில் ஒன்றாக அறிவித்ததும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. அமெரிக்காவின் நிரந்தர எதிரியாக அவர் பிறக்கவில்லை. இரு தரப்பின் முடிவுகளும் சேர்ந்து அவரை அங்கே கொண்டு நிறுத்தின.

ஈராக்கில் நன்றியும் கோபமும்

2003இல் அமெரிக்கா பொய்க் காரணம் சொல்லி ஈராக்கை ஆக்கிரமித்தது. அங்கே அமெரிக்கப் படைகளைத் தாக்கிய ஷியா குழுக்களுக்குச் சுலைமானி உதவினார். கவச வாகனங்களைத் துளைக்கும் குண்டுகள் உள்ளிட்ட தாக்குதல்களில் தன் வீரர்கள் 600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதற்கு ஈரானே பொறுப்பு என்று அமெரிக்கா கணக்குச் சொல்கிறது. ஆக்கிரமிப்பை எதிர்ப்பது நியாயம் என்பார் உண்டு. ஆனால் அதே குழுக்களில் சில பாக்தாத் தெருக்களில் சுன்னி முஸ்லிம்களைக் கடத்திக் கொன்ற காலமும் அதுதான்.

2014 ஜூனில் ஐஎஸ் அமைப்பு மோசுலைப் பிடித்தது. அந்த நாட்களில் திக்ரித்தில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர், பெரும்பாலும் மலையாளிகள், ஜூலையில் கொச்சி வந்து சேர்ந்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்து மகிழ்ந்தோம். மோசுலில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் திரும்பி வரவேயில்லை. அவர்கள் கொல்லப்பட்டுவிட்டதை 2018 மார்ச்சில்தான் மத்திய அரசு மாநிலங்களவையில் உறுதிசெய்தது.

ஈராக் இராணுவம் சிதறி ஓடிய அந்த நேரத்தில் உடனே ஆயுதத்தோடு வந்த நாடு ஈரான் என்று குர்திஸ்தான் தலைவர் மசூத் பர்சானியே நன்றி சொன்னார். ஐஎஸ் முற்றுகையில் பட்டினி கிடந்த அமெர்லி நகரம் ஆகஸ்ட் இறுதியில் மீட்கப்பட்டபோது தரையில் சுலைமானியின் ஆதரவுப் படைகள், வானில் அமெரிக்க விமானங்கள். பல ஈராக்கியர் இன்றும் அவரை நன்றியோடு நினைப்பது இதனால்தான்.

ஐந்தாண்டு கழித்து அதே ஈராக்கில் காட்சி மாறியது. 2019 அக்டோபரில் வேலையும் மின்சாரமும் கேட்டு, ஊழலை எதிர்த்து, இளைஞர்கள் தெருவில் இறங்கினர். அவர்களில் பெரும்பாலோர் ஷியாக்கள். ஈரானின் தலையீடு வேண்டாம் என்றும் முழங்கினர். நூற்றுக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஈரான் ஆதரவுக் குழுக்களின் துப்பாக்கிகளும் அதில் இருந்தன.

சிரியா: மறைக்க முடியாத பக்கம்

சுலைமானியைத் தியாகி என்று பகிர்பவர்கள் தாண்டிச் செல்லும் பக்கம் இது. 2011இல் சிரிய மக்கள் அசாத் குடும்ப ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது, அந்த ஆட்சியைக் காப்பாற்றும் பொறுப்பை ஈரான் சுலைமானியிடம் கொடுத்தது. ஹிஸ்புல்லாஹ் படைகளும் ஈராக்கியக் குழுக்களும் இறக்கப்பட்டன. ஈரானில் அகதிகளாக வாழ்ந்த ஆப்கானியரைக் கொண்டு ஃபாத்திமிய்யூன் படை அமைக்கப்பட்டது. அதில் 14 வயதுச் சிறுவர்களும் இருந்ததாக 2017இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் ஆவணப்படுத்தியது. 2015இல் ரஷ்ய விமானங்களும் வந்தன. 2016 டிசம்பரில் கிழக்கு அலெப்போ வீழ்ந்தது.

அங்கே ஐஎஸ்ஸும் இருந்தது, வெளிநாட்டுச் சதிகளும் இருந்தன. ஆனால் முற்றுகையில் பட்டினி கிடந்த குழந்தைகள் ஐஎஸ் அல்லர். பீப்பாய்க் குண்டுகள் விழுந்த குடியிருப்புகள் அமெரிக்கத் தளங்கள் அல்ல. சிரியாவின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் வீடிழந்து ஓடினார்கள். அந்த ஆட்சியைத் தாங்கிப்பிடித்த கைகளில் ஒன்று சுலைமானியுடையது. அவர் கொல்லப்பட்ட செய்தி கேட்டு இத்லிபில் சிலர் இனிப்பு வழங்கினார்கள். அவர்களும் முஸ்லிம்கள்தான், பிள்ளைகளைப் புதைத்தவர்கள்தான்.

இதைச் சொன்னால் ஷியா, சன்னி சண்டையைத் தூண்டுகிறார் என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை வேறு. அசாத்தை எதிர்த்த ஷியாக்கள் உண்டு, ஆதரித்த சுன்னிகளும் உண்டு. மத்ஹபைப் பார்த்துக் கொலையை நியாயப்படுத்துவதும், மத்ஹபைப் பார்த்துத் தியாகத்தை மறுப்பதும் ஒரே நோயின் இரு அறிகுறிகள்.

சட்டத்துக்குப் புறம்பான கொலை

2018 மே மாதம் டிரம்ப், ஈரானுடனான அணுசக்தி ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். பொருளாதாரத் தடைகள் இறுகின. 2019 டிசம்பர் 27 அன்று கிர்குக் அருகே நடந்த ராக்கெட் தாக்குதலில் அமெரிக்க ஒப்பந்ததாரர் ஒருவர் இறந்தார். இரண்டு நாளில் அமெரிக்கா குண்டுவீசி 25 பேரைக் கொன்றது. பாக்தாதில் அமெரிக்கத் தூதரகம் முற்றுகையிடப்பட்டது. அடுத்த வாரத்துக்குள் சுலைமானியும் ஈராக்கியத் தளபதி அபூ மஹ்தி அல்முஹந்திஸும் கொல்லப்பட்டனர். சவூதியுடனான பேச்சுவார்த்தை தொடர்பான பதிலோடு சுலைமானி தம்மைச் சந்திக்க வந்திருந்தார் என்று ஈராக்கின் அன்றைய பிரதமர் ஆதில் அப்துல் மஹ்தி நாடாளுமன்றத்திலேயே சொன்னார்.

நான்கு தூதரகங்களைத் தாக்கத் திட்டமிட்டார் என்றார் டிரம்ப். அதற்குக் குறிப்பான ஆதாரத்தைத் தான் பார்க்கவில்லை என்றார் அவரது பாதுகாப்பு அமைச்சர் மார்க் எஸ்பர். டெல்லி வரைக்கும் சுலைமானியின் சதி நீண்டது என்றும் டிரம்ப் சொன்னார். விவரம் எதுவும் தரவில்லை. ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் ஆக்னஸ் கலமார்ட் 2020 ஜூலையில், இந்தத் தாக்குதல் சர்வதேசச் சட்டத்துக்கு எதிரானது என்று அறிக்கை அளித்தார்.

சுலைமானி மீது குற்றச்சாட்டுகள் இருந்தால் விசாரணை மன்றம் இருக்கிறது. ஒரு நாட்டின் தளபதியை இன்னொரு நாட்டு விமான நிலைய வாசலில் மூன்றாவது நாடு கொல்லலாம் என்றால், நாளை எந்த நாட்டுக்கும் பாதுகாப்பில்லை. சிரியாவின் இரத்தத்துக்கு நீதி கேட்பவர்களும் இந்தக் கொலையைக் கண்டிக்க முடியும். ஒன்றுக்கொன்று முரணல்ல.

அவருக்குப் பின் செத்தவர்கள்

ஜனவரி 7 அன்று கெர்மானில் அவரது இறுதி ஊர்வல நெரிசலில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறுநாள் ஈராக்கில் அமெரிக்கப் படைகள் இருந்த தளங்களின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. சில மணி நேரத்தில், தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரானிய வான்பாதுகாப்புப் படையே சுட்டு வீழ்த்தியது. 176 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் ஈரானியர்களும் கனடாவில் படிக்கவோ வாழவோ போன ஈரானிய வம்சாவளியினரும்தான். மூன்று நாள் மறுத்துவிட்டு ஈரான் உண்மையை ஒப்புக்கொண்டது. 2024 ஜனவரி 3, நான்காம் நினைவு நாளில், அவரது அடக்கத்தலத்துக்குப் போகும் வழியில் ஐஎஸ் குண்டு வெடித்து 90க்கும் மேற்பட்டோர் பலியாயினர்.

இவர்களில் யாரும் தளபதிகள் அல்லர். அவர்களின் படங்கள் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றவில்லை.

அவர் எழுப்பிய கட்டமைப்பும் நிலைக்கவில்லை. 2024 செப்டம்பரில் ஹஸன் நஸ்ருல்லாஹ் கொல்லப்பட்டார். டிசம்பர் 8 அன்று டமாஸ்கஸ் விழுந்தது. அசாத்துக்காகக் கொட்டிய பணமும் உயிரும் பதினோரு நாளில் கரைந்தன. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானுக்குள்ளேயே புகுந்து முகம்மது பாகிரி, ஹுசைன் சலாமி, அமீர் அலி ஹாஜிஸாதே ஆகிய உச்சத் தளபதிகளைக் கொன்றது. எல்லைக்கு வெளியே போரிட்டால் வீட்டுக்குப் போர் வராது என்ற கணக்கு தவறிப்போனது. தளபதியைக் கொன்றால் போர் ஓயும் என்ற அமெரிக்க, இஸ்ரேலியக் கணக்கும் தவறிப்போனது.

நம் வீட்டு வாசலில்

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நாம் இருந்துவிட முடியாது. ராயகிரியிலிருந்து புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி வரை உள்ள ஊர்களில் வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். 2025 ஜூன் 23 இரவு கத்தாரின் அல்உதைத் தளத்தை நோக்கி ஈரானிய ஏவுகணைகள் பாய்ந்தன. கத்தார், பஹ்ரைன், குவைத், அமீரகம் தங்கள் வான்வழியை மூடின. அந்த இரவில் போன் கிடைக்காமல் தவித்த தாய்மார்கள் நம் தெருக்களிலும் இருந்தார்கள்.

ஈரானியக் கரையிலேயே நம் தமிழ் மீனவர்கள் கூலிக்கு மீன் பிடிக்கிறார்கள். 2020இல் கொரோனா காலத்தில் அங்கே சிக்கியிருந்த 600க்கும் மேற்பட்டோரைக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து தூத்துக்குடிக்கு அழைத்து வந்தது நினைவிருக்கும். 2025 போரின்போது 'ஆபரேஷன் சிந்து' மூலம் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மீட்கப்பட்டனர். அவர்களில் பலர் ஈரானில் மருத்துவம் படிக்கும் நம் நாட்டு மாணவர்கள்.

ஆகவே போரை வீரசாகசப் படமாகப் பார்க்கும் வசதி நமக்கு இல்லை. பிள்ளைகள் கைபேசியில் தளபதிகளின் படத்தை இசையோடு பார்த்து ரசிக்கும்போது, பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்ல வேண்டும். கடனடைக்கக் கூலிக்குப் போன சிறுவனைப் பற்றிச் சொல்லுங்கள். காஸாவுக்குத் துணை நின்றதையும் அமெர்லியின் மீட்பையும் சொல்லுங்கள். அதே மூச்சில் அலெப்போவையும், பாக்தாத் தெருவில் சுடப்பட்ட மாணவர்களையும், அந்த விமானத்தில் இருந்த 176 பேரையும் சொல்லுங்கள். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்போ அன்போ நீதி தவறச் செய்யக் கூடாது என்றுதான் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

காசிம் சுலைமானியின் இறுதிக் கணக்கு அவரைப் படைத்தவனிடம் இருக்கிறது. தியாகி, கொலையாளி என்று முத்திரை குத்தும் பொறுப்பை யாரும் நம்மிடம் ஒப்படைக்கவில்லை. நம்மிடம் உள்ள பொறுப்பு, அநீதியை யார் செய்தாலும் அநீதி என்று சொல்வது. அமெரிக்கா செய்தாலும், இஸ்ரேல் செய்தாலும், நாம் நேசிக்கும் ஒரு முஸ்லிம் தளபதி செய்தாலும்.

நெற்கட்டும்செவலையும் சம்மட்டிபுரத்தையும் ஒருசேர நினைவில் வைத்திருக்கும் மண் இது. தெஹ்ரானையும் அலெப்போவையும் ஒருசேர நினைவில் வைத்திருப்பது நமக்குக் கடினமாக இருக்காது. அடுத்த ஜனவரியில் அந்தப் படம் மீண்டும் வரும்போது, பகிரும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி யோசிப்போம்.